பாவு அப்படியே இருக்கட்டும், ஊடையை மாற்று: கன்டெய்னர் பில்டும் கேஷும்

சத்துவாச்சாரியில் எங்கள் சின்ன ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன மாதம் ஒரு திருத்தம் செய்தான். குடியாத்தத்துக் கைலி வியாபாரி ஒருவருக்காக நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் பில்லிங் புரோகிராமில், பில்லின் அடியில் 'தொகை' என்று இருந்ததை 'மொத்தத் தொகை' என்று மாற்றினான். ஒரே ஒரு சொல். மாற்றிவிட்டு, புரோகிராமைத் தேவையானவற்றோடு மூட்டை கட்டும் டாக்கர் என்ற கருவியில் பில்டு, அதாவது மூட்டை கட்டும் வேலை, கொடுத்தான். ஏழு நிமிஷம் ஓடியது. திரையில் ஜாங்கோ இறங்குகிறது, பேண்டாஸ் இறங்குகிறது, பிடிஎஃப் செய்கிற லைப்ரரி இறங்குகிறது. எல்லாம் நேற்றும் இறங்கியவை, முந்தாநாளும் இறங்கியவை. அதே பெயர், அதே வெர்ஷன்.

"இன்னாண்ணா இது? ஒரு வார்த்தைதானே மாத்துனேன். எல்லாத்தையும் மறுபடி மொதல்லேர்ந்து இறக்கிக்கினு கீது?" என்றான்.

நியாயமான கேள்வி. கன்டெய்னர் பழக ஆரம்பிக்கிறவர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிற கேள்வியும்கூட. 'டாக்கர் என்றாலே மெதுவாகத்தான் இருக்கும்போல' என்று தாங்களே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தே காலம் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் காத்திருக்க வேண்டியதே இல்லை. தம்பியின் ஏழு நிமிஷத்தில் பெரும்பகுதி, ஒரு ஃபைலில் வரிகள் இடம் மாறி உட்கார்ந்திருந்ததால் வந்தது.

கன்டெய்னர் என்றால் என்னவென்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நீங்கள் எழுதிய புரோகிராம் தனியாக ஓடாது. அதற்கு பைத்தானோ நோடோ ஜாவாவோ வேண்டும். பிறர் எழுதிவைத்த லைப்ரரிகள் வேண்டும். இவற்றைத்தான் டிபெண்டென்சி என்கிறோம். அத்தனையையும் புரோகிராமோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால் அது இமேஜ். அந்த மூட்டையைப் பிரித்து ஓடவிட்டால் அது கன்டெய்னர். 2013-இல் டாக்கர் வெளிவந்த பிறகு இந்த வழி வேகமாகப் பரவியது. மூட்டையை எப்படிக் கட்டுவது என்று வரிசையாக எழுதிவைக்கும் குறிப்புதான் டாக்கர்ஃபைல். அதை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். இங்கே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். 'ஃப்ரம்' என்றால் எந்த அடிப்படை இமேஜின் மேல் கட்டுவது என்று சொல்கிறோம். 'காப்பி' என்றால் நம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை உள்ளே கொண்டுபோவது. 'ரன்' என்றால் ஒரு கட்டளையை உள்ளே ஓட்டுவது.

டாக்கர் இந்த வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்கிறது. ஒரு வரியைச் செய்து முடித்ததும், அந்த வரியால் எது எது மாறியதோ அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது. லேயர் என்பது இதுதான். அடுத்த முறை பில்டு கொடுக்கும்போது முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டே வரும். இந்த வரியை முன்பே செய்திருக்கிறோமா, இதற்கு முந்தைய வரிகளும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றனவா? ஆம் என்றால் வேலை எதையும் செய்யாமல் பழைய லேயரையே எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடும். திரையில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'கேஷ்டு' என்று விழும். இப்படி மறுபடி பயன்படுத்த எடுத்து வைத்திருப்பதுதான் கேஷ். எங்காவது ஒரு வரி மாறியிருப்பதாகத் தெரிந்தால், அந்த வரியும் அதற்குக் கீழே அதை நம்பியிருக்கும் அத்தனை வரிகளும் புதிதாக ஓடும். கீழே இருப்பவற்றில் ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தாலும் ஓடும்.

இந்தக் கடைசி விதியை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

நான் குடியாத்தத்தில் நெசவாளி வீட்டில் பிறந்தவன். தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்குத் தறிதான் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே, துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை விரிப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழையோடு இழை ஒட்டாமல் நீவிவிட்டு, காய்ந்ததும் சுருட்டித் தறிக்குக் கொண்டுபோவார்கள். அதோடு முடியாது. ஒவ்வோர் இழையையும் விழுதில் கோத்து, அச்சில் கோத்து, அதற்குப் பிறகுதான் குறுக்கே போகும் முதல் ஊடை இழை ஓடும். இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பாவில் வரிசையாகப் பல கைலிகள் நெய்வார்கள். நடுவில் முதலாளி வந்து, "அடுத்ததுக்கு ஊடையில செவப்பு வாணாம், பச்ச போடு" என்றால் அப்பா நாடாவில் இருக்கும், நூல் சுற்றிய தாரை எடுத்துவிட்டு வேறு தாரைப் போடுவார். கண்ணிமைக்கும் நேரம். அதே முதலாளி பாவின் நிறத்தையே மாற்றச் சொன்னால் வீடே சோர்ந்துபோகும். மறுபடி தெருவுக்குப் போக வேண்டும்.

டிபெண்டென்சிகள் பாவு. நாம் தினமும் எழுதித் திருத்தும் நிரல் ஊடை. பாவு ஏற்ற நேரமாகும், ஆனால் அடிக்கடி மாறாது. ஊடை நொடிக்கு நொடி மாறும், மாற்றுவது சுலபம். தம்பியின் டாக்கர்ஃபைல் என்ன செய்துகொண்டிருந்தது என்றால், ஊடையின் நிறம் மாறும் ஒவ்வொரு தடவையும் பாவையும் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஃபைலைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முதல் வரி ஃப்ரம்: பைத்தான் 3.12-இன் ஸ்லிம் இமேஜ். இரண்டாவது வரி, உள்ளே எந்த ஃபோல்டரில் வேலை செய்வது என்று சொல்கிறது. மூன்றாவது வரி காப்பி: இந்த ஃபோல்டரில் இருக்கும் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோ. நான்காவது வரி ரன்: தேவையான லைப்ரரிகளின் பட்டியலான ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலைப் பார்த்து, பைத்தானுக்கு லைப்ரரி இறக்கும் பிப் என்ற கருவியால் இன்ஸ்டால் செய். படித்தால் ஒரு தப்பும் தெரியாது. சாமானெல்லாம் உள்ளே கொண்டுபோ, பிறகு தேவையானதை இறக்கு. நானும் முதலில் இப்படித்தான் எழுதினேன்.

சிக்கல் மூன்றாவது வரியின் 'எல்லாவற்றையும்' என்ற இடத்தில் இருக்கிறது. அந்த 'எல்லாவற்றிலும்' பில்லின் டெம்ப்ளேட் ஃபைலும் அடக்கம். அதில் 'மொத்தத் தொகை' என்று ஒரு சொல் மாறியதும் மூன்றாவது வரி மாறிவிட்டதாகக் கணக்கு. விதிப்படி நான்காவது வரியும் ஓடியே ஆக வேண்டும். ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை யாரும் தொடவில்லையே என்று டாக்கர் யோசித்துப் பார்க்காது. பிப் எந்த ஃபைலைப் படிக்கப்போகிறது என்பது அதற்குத் தெரியாது.

மருந்து ஒன்றுதான்: காப்பியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதலில் ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை மட்டும் தனியாக உள்ளே கொண்டுபோகிறோம். உடனே பிப் இன்ஸ்டால். அது முடிந்த பிறகு, கடைசியாக, மீதி எல்லாவற்றையும் கொண்டுபோகிறோம். இப்போது டெம்ப்ளேட்டில் எதை மாற்றினாலும் கடைசிக் காப்பி மட்டும்தான் ஓடும். ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலே மாறினால்தான் இறக்கும் வேலை மறுபடி நடக்கும், அது நடக்க வேண்டியதும்தான்.

தம்பி மாற்றி எழுதிப் பில்டு கொடுத்தான். முதல் தடவை அதே ஏழு நிமிஷம், வரிகள் புதிதல்லவா. அவன் முகம் வாடியது. "இரு, இப்ப 'ஆக மொத்தம்'னு மாத்திட்டு இன்னொரு தடவ குடு" என்றேன். கொடுத்தான். பிப் இன்ஸ்டால் வரிக்குப் பக்கத்தில் 'கேஷ்டு' என்று வந்து விழுந்தது. ஐந்து நொடிகூட ஆகவில்லை.

பிற மொழிக்காரர்களுக்கும் இதே வழிதான், ஃபைலின் பெயர்தான் வேறு. நோடில் பேக்கேஜ் ஜேசன் ஃபைலையும் பேக்கேஜ் லாக் ஃபைலையும் முதலில் கொண்டுபோய், நோடுக்கு லைப்ரரி இறக்கும் என்பிஎம் சிஐ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, பிறகு மற்றவை. கோ மொழியில் கோ மாட், கோ சம் இரண்டையும் கொண்டுபோய் கோ மாட் டவுன்லோடு. ஜாவாவில் மேவன் என்றால் பாம் ஃபைல் முதலில்.

இனி, எது 'மாறியது' என்று டாக்கர் எப்படி முடிவு செய்கிறது என்பது. பலர் வழுக்கி விழுகிற இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

காப்பி வரிக்கு, உள்ளே போகும் ஃபைல்களின் உள்ளடக்கத்தை வைத்து ஒரு கைரேகை எடுக்கிறது. ஃபைலைத் திறந்து ஒன்றும் மாற்றாமல் சேமித்தால் தேதி மட்டும் மாறும். தேதியை அது கணக்கில் எடுக்காது, கேஷ் உடையாது. ஒரே ஓர் இடைவெளி சேர்ந்தாலும் உள்ளடக்கம் மாறிவிட்டது, உடைந்துவிடும். நோட் பக்கம் வேலை செய்கிறவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேக்கேஜ் ஜேசனுக்குள்ளேயே உங்கள் புரோகிராமின் வெர்ஷன் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு ரிலீஸுக்கும் அந்த எண்ணை ஏற்றினால், டிபெண்டென்சி ஒன்றுகூட மாறாமலே மொத்தமும் மறுபடி இறங்கும்.

ரன் வரிக்கு அப்படியில்லை. அந்தக் கட்டளையின் எழுத்துகளை மட்டும்தான் பார்க்கிறது. வெளியே இணையத்தில் என்ன மாறியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. இதனால் ஒரு விபரீதம் வரும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் இமேஜ்களில், பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட்-கெட் அப்டேட் என்பதை ஒரு ரன் வரியிலும், பேக்கேஜை இறக்கும் ஆப்ட்-கெட் இன்ஸ்டால் என்பதை அடுத்த ரன் வரியிலும் எழுதினீர்கள் என்று வையுங்கள். மூன்று மாதம் கழித்து இன்ஸ்டால் வரியில் இன்னொரு பேக்கேஜைச் சேர்க்கிறீர்கள். அப்டேட் வரி மாறவில்லை, எனவே மூன்று மாதத்துக்கு முந்தைய பட்டியல் கேஷிலிருந்து வருகிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் பழைய வெர்ஷன் இன்று சர்வரிலேயே இல்லாமல் போயிருக்கலாம். பில்டு உடைகிறது, காரணமும் புரிவதில்லை. இரண்டையும் ஒரே ரன் வரியில், இரட்டை ஆம்பர்சண்ட் போட்டுச் சேர்த்தே எழுதுங்கள்.

இதே காரணத்தால்தான் ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் வெறும் 'ஜாங்கோ' என்று எழுதக்கூடாது என்கிறேன். வெர்ஷன் எண் இல்லாமல் எழுதினால், உங்கள் கம்ப்யூட்டரில் கேஷில் கிடக்கும் பழைய ஜாங்கோவும், புதிதாகப் பில்டு செய்யும் நண்பரின் கம்ப்யூட்டரில் இன்று இறங்கும் ஜாங்கோவும் வேறு வேறாக இருக்கும். 'எனக்கு ஓடுது, உனக்கு ஏன் ஓடல?' என்று இருவரும் ஒருநாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எண்ணோடு எழுதுங்கள், அல்லது வெர்ஷன் எண்களைப் பூட்டிவைக்கும் லாக் ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். என்பிஎம் இன்ஸ்டால் என்பதற்குப் பதிலாக என்பிஎம் சிஐ என்று மேலே சொன்னதும் இதற்காகத்தான்; அது லாக் ஃபைலில் இருப்பதை அப்படியே வைக்கும், தானாக எதையும் ஏற்றாது.

ஆர்க் வரியும் ஒரு பொறி. பில்டு எண்ணையோ, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் கமிட் எண்ணையோ உள்ளே அனுப்ப ஆர்க் பயன்படுத்துவார்கள். அதை ஃபைலின் உச்சியில் வைத்தால், எண் மாறும் ஒவ்வொரு தடவையும் அதற்குக் கீழே வரும் ரன் வரிகளின் கேஷ் எல்லாம் போய்விடும். அந்த எண் எங்கே தேவையோ அந்த வரிக்கு நேர் மேலே வையுங்கள், அநேகமாக அது ஃபைலின் அடியில்தான் இருக்கும்.

டாக்கர்இக்னோர் என்ற ஃபைலை மறக்கவே கூடாது. உள்ளே போக வேண்டாதவற்றின் பட்டியல் அது. டாட் கிட் ஃபோல்டர், நோட் மாட்யூல்ஸ், விர்ச்சுவல் என்வ், புரோகிராம் ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் ஃபைல்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். டாட் கிட் ஃபோல்டர் உள்ளே போனால், நிரலில் எதையும் மாற்றாமல் வெறும் கமிட் செய்தாலே கடைசிக் காப்பி மாறிவிட்டதாகிவிடும். பாஸ்வேர்டு வைத்திருக்கும் டாட் என்வ் ஃபைலும் இந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். அது கேஷுக்காக மட்டும் சொல்வதல்ல. ஒருமுறை லேயருக்குள் போன பாஸ்வேர்டை, அடுத்த வரியில் அழித்தாலும், இமேஜ் கையில் கிடைத்தவர் பழைய லேயரிலிருந்து தோண்டி எடுத்துப் படித்துவிடலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். ரெக்வயர்மெண்ட்ஸ் ஃபைலில் நாற்பது லைப்ரரி இருக்கிறது. ஒன்றின் வெர்ஷனை மட்டும் ஏற்றுகிறீர்கள். ஃபைல் மாறிவிட்டது, பிப் இன்ஸ்டால் வரி ஓடும், ஒன்றுக்காக நாற்பதும் மறுபடி இறங்கும். லேயர் என்பது முழுசாக இருக்கும் அல்லது முழுசாகப் போகும். பாதி லேயர் என்று ஒன்று கிடையாது.

தறியிலும் இதே கஷ்டம் உண்டு. ஒரு பாவு நெய்து தீர்ந்துபோனால் அடுத்த பாவின் ஆயிரக்கணக்கான இழைகளையும் மறுபடி விழுதிலும் அச்சிலும் கோப்பதென்றால் நாள் போய்விடும். அதனால் பழைய பாவின் கடைசி முழத்தை அச்சை விட்டு உருவ மாட்டார்கள். அந்த நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிணைத்துவிடுவார்கள். பிறகு மெல்ல இழுத்தால் புது இழைகள் பழைய இழைகளின் வழியிலேயே அச்சைத் தாண்டி வந்துவிடும். எங்கள் பாட்டி சாம்பலைத் தொட்டுக்கொண்டு விரல்களால் இழை பிணைக்கும் வேகத்தைப் பார்த்தால் கண் நிற்காது. பாவு புதிதுதான், ஆனாலும் கோத்த வேலை வீணாகவில்லை.

டாக்கரில் இதற்கு நிகரானது கேஷ் மவுன்ட். டாக்கரின் புதிய பில்டு இயந்திரமான பில்ட்கிட்டில் இது உண்டு. 2023-இல் வந்த டாக்கர் எஞ்சின் 23.0 முதல் லினக்ஸில் பில்ட்கிட்தான் இயல்பாக ஓடுகிறது. ரன் என்று எழுதியதும் 'மவுன்ட்' என்ற குறிப்பைச் சேர்த்து, அதன் டைப் 'கேஷ்' என்றும், டார்கெட்டாக பிப் தான் இறக்கியவற்றைச் சேர்த்து வைக்கும் ஃபோல்டரையும் கொடுக்க வேண்டும். ரூட் யூசராக ஓடும்போது அது ரூட் ஃபோல்டருக்குள் டாட் கேஷ், அதற்குள் பிப். என்பிஎம்முக்கு ரூட்டுக்குள் டாட் என்பிஎம். மேவனுக்கு ரூட்டுக்குள் டாட் எம்2.

இந்த ஃபோல்டர் எந்த லேயரிலும் சேராது, இமேஜுக்குள்ளும் போகாது. பில்டு நடக்கும் கம்ப்யூட்டரில் தனியாகக் கிடக்கும். பில்டு ஓடும்போது மட்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். லேயர் உடைந்து பிப் மறுபடி ஓடினாலும், முப்பத்தொன்பது லைப்ரரி அந்த ஃபோல்டரிலேயே இருக்கும். மாறிய ஒன்றுதான் இணையத்திலிருந்து இறங்கும். இன்ஸ்டால் செய்கிற வேலை நடக்கத்தான் செய்யும், ஆனால் டவுன்லோடு மிச்சம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிற நாளில் இதன் அருமை தெரியும்.

இதில் ஒரு முரண்பாட்டில் நிறையப் பேர் சிக்குகிறார்கள். இமேஜின் அளவைக் குறைக்க, பிப் கட்டளையோடு 'நோ கேஷ் டிர்' என்று சேர்க்கச் சொல்வது பழைய அறிவுரை. கேஷ் மவுன்ட் இல்லாதபோது அது நல்ல அறிவுரைதான். கேஷ் மவுன்ட்டையும் போட்டு அதையும் விட்டுவைத்தால் ஃபோல்டர் காலியாகவே இருக்கும், ஒரு பயனும் இருக்காது. ஆப்ட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு: டாக்கரின் அதிகாரப்பூர்வ டெபியன், உபுண்டு இமேஜ்கள், இறக்கிய பேக்கேஜ் ஃபைல்களை இன்ஸ்டால் ஆனதும் தாமாகவே அழித்துவிடும்படி அமைக்கப்பட்டவை. டாக்கர்-கிளீன் என்ற அந்த அமைப்பு ஃபைலை எடுத்துவிட்டால்தான் கேஷ் தங்கும். இரண்டு பில்டுகள் ஒரே நேரத்தில் ஆப்ட்டின் ஃபோல்டரைத் தொட்டால் மோதிக்கொள்ளும், அதனால் அதற்கு ஷேரிங் என்ற இடத்தில் 'லாக்டு' என்று கொடுப்பது நல்லது.

உங்கள் லேப்டாப்பில் பறக்கிற பில்டு, நிரல் மாறும்போதெல்லாம் தானாகப் பில்டு செய்யும் சிஐ சர்வருக்குப் போனதும் நத்தையாகிவிடுகிறதா? பெரும்பாலான சிஐ சேவைகளில் ஒவ்வொரு பில்டுக்கும் புத்தம் புதிய மெஷின் ஒன்று கிடைக்கும், வேலை முடிந்ததும் அது போய்விடும். பழைய லேயர்கள் அங்கே இருக்க வழியே இல்லை. கேஷை வெளியே எங்காவது எழுதிவைத்து மறுபடி கொண்டுவர வேண்டும். பில்ட்கிட்டை ஓட்டும் பில்ட்எக்ஸ் கட்டளையில் இதற்குக் 'கேஷ் டு', 'கேஷ் ஃப்ரம்' என்று இரண்டு குறிப்புகள் உண்டு. முதலாவது, முடிந்த பில்டின் லேயர்களை, இமேஜ்களைச் சேமித்துவைக்கும் சர்வரான ரெஜிஸ்ட்ரியில் கொண்டுபோய் வைக்கும். இரண்டாவது, அடுத்த பில்டுக்கு அங்கிருந்து எடுத்துவரும். ஒன்றுக்கு மேற்பட்ட ஃப்ரம் வரிகளால் பல ஸ்டேஜாகப் பிரித்து எழுதிய டாக்கர்ஃபைல் என்றால் மோடு என்ற இடத்தில் 'மேக்ஸ்' கொடுங்கள். இல்லாவிட்டால் கடைசி இமேஜில் சேர்ந்த லேயர்கள் மட்டும்தான் போகும், நடு ஸ்டேஜில் இறக்கியவை சேராது. கேஷ் மவுன்ட்டின் ஃபோல்டரும் இப்படி வெளியே போகாது. ஆகவே சிஐயில் உங்களைக் காப்பாற்றுவது மவுன்ட் அல்ல, வரிகளின் வரிசையும் நீங்கள் வெளியே எழுதிவைத்த லேயர்களும்தான்.

கேஷ் சேரச் சேர டிஸ்க் நிறையும். தம்பியின் லேப்டாப்பில் அடுத்த மாதமே 'இடமில்லை' என்று வந்தது. டாக்கர் சிஸ்டம் டிஎஃப் என்று கொடுத்தால் இமேஜ், கன்டெய்னர், பில்டு கேஷ் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். டாக்கர் பில்டர் ப்ரூன் கொடுத்தால் பயன்படாத பில்டு கேஷை அழித்துவிடும். அதற்குப் பிறகு வரும் முதல் பில்டு மறுபடி மெதுவாகத்தான் ஓடும். அதனால் அவன் அதை வெள்ளிக்கிழமை சாயந்திரம், வேலை எல்லாம் அனுப்பி முடித்த பிறகு செய்கிறான்.